எண்ணெய்ச் சட்டி ஏறாத தீபாவளி

2024-ம் வருஷத் தீபாவளி ஊருக்கெல்லாம் எப்படியோ, எங்கள் வீட்டுக்கு அது வெறும் வியாழக்கிழமை.

அந்த ஆனி மாசம்தான் அப்பா போய்ச் சேர்ந்தார். ஆவடி டாங்க் ஃபேக்டரியில் வெல்டராக இருந்தவர். விஜயந்தா டாங்கி காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, அஜேயா டாங்கி காலத்தில் ஓய்வு பெற்றவர். போனஸ் வந்த அன்றைக்கே வீட்டுக்கு எண்ணெய் டின் வந்துவிடும். சைக்கிள் கேரியரில் டின்னைக் கட்டிக்கொண்டு அவர் தெருவில் திரும்பும்போதே, ‘தீபாவளி வந்திருச்சு’ என்று கத்திக்கொண்டு ஓடுவோம். எங்களுக்குத் தீபாவளி காலண்டரில் வந்ததில்லை. கேரியரில்தான் வந்தது.

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை இல்லை. புதுத்துணி இல்லை, பட்டாசு இல்லை, முக்கியமாக அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாது. அதற்குப் பதிலாக அக்கம்பக்கத்தினர் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால், நாலாம் வகுப்பு படிக்கிற பெண்ணுக்கு இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

பருத்திப்பட்டில் நாங்கள் இருக்கிற அபார்ட்மென்ட்டில் 48 வீடுகள். அன்று காலை ஐந்து மணியிலிருந்து 47 வீட்டுப் பிள்ளைகளும் கீழே வெடித்துக்கொண்டிருக்க, என் மகள் மட்டும் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்லியிருக்கலாம். பத்து மணிக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்பா, தீபாவளிதான் கூடாது. ஹாலோவீன் கூடுமா?”

அந்த வருஷம் அப்படி ஒரு பொருத்தம். தீபாவளியும் அக்டோபர் 31, ஹாலோவீனும் அக்டோபர் 31. எங்கள் அபார்ட்மென்ட்டில் இரண்டு மூன்று வருஷமாகவே பிள்ளைகள் அன்றைக்குப் பேய் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருவது வழக்கமாகியிருந்தது. இந்த முறை வாட்ஸ்அப் குரூப்பில் பெரிய சண்டை. ‘தீபாவளி அன்றைக்குப் பேய் வேஷமா, உருப்படுமா?’ என்று இரண்டாவது மாடிப் பெரியவர் கேட்க, ‘நரகாசுரன் மட்டும் என்ன சார், சாமியா?’ என்று ஒரு கல்லூரிப் பையன் பதில் போட, ராத்திரி பன்னிரண்டு வரை அனல் பறந்தது. கடைசியில் சமரசம். ஹாலோவீன், நவம்பர் 2, சனிக்கிழமை சாயந்திரம். முதல் தேதியும் அரசாங்கம் லீவு விட்டிருந்ததால் எல்லாரும் ஊரில் இருந்து திரும்பவும் நேரம் இருக்கும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு ‘பயங்கரமான’ தின்பண்டம் வர வேண்டும்.

“நாம என்ன பயங்கரம் பண்ணலாம்?” என்றாள் மகள். அவளே முடிவும் செய்து வைத்திருந்தாள். கல்லறை புட்டிங்!

கண்ணாடிப் பாத்திரத்தில் அடுக்கடுக்காகப் புட்டிங். மேலே பிஸ்கட்டைத் தூளாக்கிப் போட்டால் அதுதான் மண். அதில் செருகி வைக்கிற முழு பிஸ்கட்டுகள் கல்லறைக் கற்கள். வெளிநாட்டில் ஹாலோவீன் என்றால் பிள்ளைகளுக்கு இதைச் செய்து தருவார்களாம். அடுப்பில் பால் காய்ச்சத் தெரிந்தால் போதும், அத்தனை சுலபம்.

என் மனைவி முகம் மாறிவிட்டது. “மாமா போய் அஞ்சு மாசம்கூட ஆகல. இந்த வீட்ல உக்காந்து சுடுகாடு செய்யறதா? உங்க அத்தைங்க காதுல விழுந்தா என்ன பேசுவாங்க?”

அவள் சொன்னது நியாயம். நான் மகளைப் பார்த்து வாயைத் திறப்பதற்குள் உள்ளே இருந்து அம்மாவின் குரல் வந்தது.

“எண்ணெச் சட்டி வெக்கணுமா அதுக்கு?”

“இல்ல ஆயா. பால்தான்.”

“அப்புறம் என்ன? எண்ணெச் சட்டி வெக்கக் கூடாது, புதுசு உடுத்தக் கூடாது, வெடி வெக்கக் கூடாது. பால் காய்ச்சக் கூடாதுன்னு எந்தப் பெரிய மனுஷனும் சொல்லல. புள்ள ஆசப்படுது, செய்ங்க.”

சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. அதற்கு மேல் அப்பீல் இல்லை.

வெள்ளிக்கிழமை சாமான் வாங்கப் போனேன். கறுப்பு கிரீம் பிஸ்கட் நாலு பாக்கெட், கஸ்டர்டு பவுடர், கோகோ பவுடர், சோள மாவு, கடல்பாசி ஒரு பாக்கெட், கல்லறைக்கு நீள்சதுர பிஸ்கட். கடைக்காரர் பில் போட்டுக்கொண்டே, “என்ன சார், பாப்பாவுக்கு பர்த்டேவா?” என்றார். ‘இல்லை, சுடுகாடு கட்டப் போகிறோம்’ என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

அன்று ராத்திரி மகளுக்காகக் கொஞ்சம் படித்தேன். ஹாலோவீன் அமெரிக்காக்காரன் கண்டுபிடித்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அயர்லாந்துப் பக்கத்துப் பழைய கெல்ட் மக்கள், அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குகிற இரவில் கொண்டாடிய பண்டிகை அது. செத்தவர்கள் அன்றைக்கு வீடு தேடி வருவார்கள் என்று நம்பியிருக்கிறார்கள். பண்டிகையின் பெயர், ‘சாவின்’. சத்தியமாக நான் எதுகைக்காகச் சொல்லவில்லை, அவர்கள் மொழியில் உச்சரிப்பே அதுதான்! பிற்பாடு கிறிஸ்தவம் வந்து நவம்பர் 1-ஐ எல்லாப் புனிதர்களின் நாளாகவும், 2-ஐ இறந்தவர்களின் நாளாகவும் ஆக்கியது. அந்தப் புனிதர் நாளுக்கு முந்தைய மாலைதான் ஹாலோவீன். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து உள்ளே விளக்கு வைத்திருக்கிறார்கள். பிழைக்க அமெரிக்கா போனவர்களுக்கு அங்கே பூசணி பெரிதாகவும் குடைவதற்கு லேசாகவும் கிடைக்க, விளக்கு பூசணிக்குள் போய்விட்டது.

காலையில் இதை மகளுக்குச் சொன்னபோது அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பூசணிக்கா மூஞ்சியா? நம்ம ஆளுங்க வீடு கட்டறப்ப மீசையும் கோரப்பல்லும் எழுதித் தொங்க விடறாங்களே, அது என்னவாம்?” என்றாள்.

நான் வாயடைத்துப் போனேன். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் பாதி கட்டிய அத்தனை கட்டடத்திலும் அந்த முகம் என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தியிருக்கிறது. ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

அம்மா விடவில்லை. “மாசி மாசம் சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளை. பார்த்திருக்கியா பாப்பா நீ? அங்காளம்மனத் தூக்கிக்கிட்டு சுடுகாட்டுக்கே போவாங்க. ஒருத்தன் மூஞ்சில கரியப் பூசிக்குவான். ஒருத்தன் நாக்கத் தொங்கவிட்டுக் காளி வேசம் கட்டுவான். கொழுக்கட்டையும் சுண்டலும் அள்ளி அள்ளி எறைப்பாங்க, நாங்க முந்தானைய ஏந்திக்கிட்டு நிப்போம். அதுல ஒரு கொழுக்கட்ட கெடைச்சுட்டா அவ்ளோ சந்தோசம். உங்க ஆலோவீனு என்ன பெரிய ஆலோவீனு?”

“சுடுகாட்டுக்கேவா? லேடீஸ்கூடவா ஆயா?”

“அன்னிக்கு ஒரு நாள் போவலாம். சாமியோட போறோம்ல” என்றாள் அம்மா. பிறகு ஏனோ பேச்சை நிறுத்திவிட்டு, மடியில் இருந்த கீரையை ஆய ஆரம்பித்துவிட்டாள்.

சனிக்கிழமை பதினொரு மணி இருக்கும். மூன்றாவது மாடி டீச்சர் வந்தார். கையில் ஒரு டப்பா ரசகுல்லா. எங்கள் வீட்டில் பலகாரம் செய்யவில்லை என்று தீபாவளிக்குக் கொடுக்க நினைத்தாராம், ஊரில் இல்லாததால் இப்போது கொண்டுவந்திருக்கிறார். இன்னொரு கையில் பாதி காலியான மெழுகுவத்திப் பெட்டியும் செவ்வந்திச் சரத்தில் மிச்சமும் இருந்தன.

“கல்லறைத் திருநாள்ங்க. காலையிலேயே போயிட்டு வந்துட்டேன். ரெண்டு நாள் முன்னாடியே ஆள் வெச்சுப் புல்லு பிடுங்கி வெள்ளையடிச்சாச்சு. இன்னிக்குப் பூ வெச்சு, மெழுகுவத்தி ஏத்தி, கொஞ்ச நேரம் அவர்கிட்ட உக்காந்து பேசிட்டு வந்தேன்” என்றார் சாதாரணமாக, பேங்குக்குப் போய்விட்டு வந்ததைச் சொல்வது போல.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பக்கத்துலயே உக்காந்துக்குவீங்களா?”

“ஆமாம்மா. எடம் தெரியுமே.”

டீச்சர் போன பிறகும் அம்மா கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை. நான் பாட்டுக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, மகளோடு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டேன்.

சரி, புட்டிங்குக்கு வருவோம். செய்து பார்க்க நினைப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதல் அடுக்கு ரத்தம். ஐந்து கிராம் கடல்பாசியைக் கத்தரிக்கோலால் நறுக்கி, அரை லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, அப்படியே அடுப்பில் வைத்து நரம்பு நரம்பாகத் தெரிவது முழுக்கக் கரையும் வரை கொதிக்க விட வேண்டும். ஐந்து ஸ்பூன் சர்க்கரை. நிறத்துக்கு அரை டம்ளர் பீட்ரூட் சாறு. இது அம்மாவின் யோசனை. வடிகட்டிக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி வைத்தால், ஃபிரிட்ஜே வேண்டாம், அரை மணியில் இறுகிவிடும். வெளிநாட்டுக் குறிப்புகளில் ஜெலட்டின் போடச் சொல்வார்கள். அது மாட்டுத் தோல், எலும்பில் இருந்தெல்லாம் எடுப்பது. அதோடு நம்மூர் வெயிலில் மேஜை மேலேயே இளக ஆரம்பித்துவிடும். கடல்பாசி அப்படி இல்லை. ஒரு தடவை இறுகிவிட்டால் சுமார் 85 டிகிரி சூடு வந்தால்தான் திரும்ப உருகும். ராமநாதபுரம் கடற்கரையில் இந்தப் பாசிகளைப் பெண்கள் மூச்சடக்கிக் கடலில் மூழ்கித்தான் பறித்து வருகிறார்கள். ரம்ஜான் மாசத்தில் எத்தனையோ வீடுகளில் நோன்பு திறக்கும்போது இது தட்டில் இருக்கும். பயங்கரத்துக்குப் பொருத்தமான சரக்குதான், ஆனால் சாதுவானது.

இரண்டாவது அடுக்கு மூடுபனி. அதாவது கஸ்டர்டு. அரை லிட்டர் பாலுக்கு மூணு ஸ்பூன் கஸ்டர்டு பவுடர், நாலு ஸ்பூன் சர்க்கரை. இங்கேதான் நான் கோட்டைவிட்டேன். கொதிக்கிற பாலில் பவுடரை நேராகக் கொட்டிவிட்டேன். அவ்வளவுதான், குட்டிக் குட்டி உருண்டைகளாகத் திரண்டு மிதக்க ஆரம்பித்துவிட்டன.

“ஐ! பேய் முட்டை!” என்று குதித்தாள் மகள்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டு, அம்மாதான் காப்பாற்றினாள். “ராகிக் கூழுக்கு மாவக் கரைச்சு ஊத்துவியா, கொதிக்கற தண்ணில கொட்டுவியா? ஆறுன பால்ல கரைச்சிட்டு ஊத்துடா.”

காரணம் இதுதான். மாவின் துகள்கள் சூடு பட்டதும் தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். மொத்தமாகக் கொட்டினால் வெளியே உள்ளவை ஊதி ஒட்டிக்கொண்டு, உள்ளே இருப்பதற்குத் தண்ணீரே போகாது. முதலில் ஆறிய பாலில் கரைத்துவிட்டால் ஒவ்வொரு துகளும் தனித்தனியாக இருக்கும், சேர்ந்தாற்போல ஊதும். இந்தக் கஸ்டர்டு பவுடருக்குப் பின்னால் ஒரு புருஷன் பெண்டாட்டி கதை இருக்கிறது. இங்கிலாந்து பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்டு என்று ஒரு மருந்துக் கடைக்காரர். கஸ்டர்டு என்றால் முட்டை போட்டுத்தான் செய்வார்கள். அவர் மனைவிக்கோ முட்டை ஒத்துக்கொள்ளாது. அவளும் சாப்பிடட்டும் என்று 1837-ல் முட்டையில்லாமல் சோள மாவில் அவர் செய்து பார்த்ததுதான் இந்தப் பவுடர். இன்றைக்கு உலகம் முழுக்கப் போகிறது.

அம்மா இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, “உங்கப்பாவும்தான்...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டாள்.

மூன்றாவது அடுக்கு சேறு. அரை லிட்டர் பாலில் மூணு ஸ்பூன் சோள மாவு, ரெண்டு ஸ்பூன் கோகோ, ஆறு ஸ்பூன் சர்க்கரை. எல்லாவற்றையும் ஆறிய பாலிலேயே கரைத்து, அடி பிடிக்காமல் கிளறி, நன்றாகக் கொதி வந்து கெட்டியானதும் இறக்கிவிடலாம். கொதி வரும் முன்பே இறக்கினால் மாவு வாசனை போகாது. ஒவ்வொரு அடுக்கும் இறுகிய பிறகு, அடுத்ததைக் கை பொறுக்கிற சூட்டில், கரண்டியின் முதுகு மேல் மெல்ல ஊற்ற வேண்டும். நேராக ஊற்றினால் குழி விழும். பிறகு ரெண்டு மணி நேரம் ஃபிரிட்ஜ். கடைசியாக மண். பிஸ்கட்டில் கிரீமை வழித்துவிட்டு (அதற்கு எங்கள் வீட்டில் ஆள் இருந்தது) ஒரு துணிப்பையில் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் உருட்டினால் தூளாகிவிடும். மண்ணையும் கல்லறைகளையும் பரிமாறுவதற்குக் கொஞ்சம் முன்னால் வைத்தால் போதும். முன்னாடியே வைத்தால் நமுத்துப்போய்க் கல்லறைகள் குடிபோதையில் சாயும்.

டீச்சர் கொடுத்த ரசகுல்லாவில் ஆளுக்கொன்று எடுத்துப் பிழிந்து, நடுவில் உலர்ந்த கறுப்பு திராட்சையை அழுத்தினாள் மகள். சாட்சாத் கண் முழிகள்! பார்த்த எனக்கே வயிற்றைப் புரட்டியது. அவளுக்குப் பரம திருப்தி.

ஐந்து மணிக்குப் பெரிய பாத்திரம் தயார். கண்ணாடி வழியே சிவப்பு, மஞ்சள், காப்பி நிறம், கறுப்பு என்று நாலு அடுக்கும் கோடு போட்டது போல் தெரிந்தன. மகளும் மனைவியும் அதைத் தூக்கிக்கொண்டு கீழே போனார்கள். மகள் தலையில் பழைய வெள்ளை பெட்ஷீட், ரெண்டு ஓட்டை. அவளும் பேய் ஆகிவிட்டாள். புதுத்துணி இல்லை என்பதைக் கவனிக்கவும்!

மிச்சம் இருந்த புட்டிங்கை ஒரு எவர்சில்வர் தட்டில் ஊற்றி வைத்திருந்தோம். மேலே தூவ மண்ணும் கொஞ்சம் மிச்சம், பிஸ்கட்டும் ஏழெட்டு மிச்சம். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, தூளை விரலால் பரப்பிக்கொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள்.

“ஏன்டா, அங்க எப்படி இருக்கும்?”

“எங்கம்மா?”

“உங்கப்பாவ வெச்சிட்டு வந்தீங்களே... அங்க.”

குழாயை நிறுத்தினேன்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. தெருமுனை வரைக்கும்தான். அன்றைக்கும் பாடை திரும்புகிற இடத்தில் எல்லாப் பெண்களும் நின்றுவிட்டார்கள். அம்மாவை ரெண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். 51 வருஷம் குடித்தனம் நடத்தியவள். காலையில் அவர் ஏரிக்கரைக்கு நடக்கப் போனால்கூட, எந்த வழியாகப் போனீங்க, யாரைப் பார்த்தீங்க என்று கேட்டுத் தெரிந்துகொள்பவள். பருத்திப்பட்டு ஏரியில் 2019-ல் பூங்கா திறந்த பிறகு அவர் ஒரு நாள் தவறியதில்லை, அம்மாவின் விசாரணையும் ஒரு நாள் தவறியதில்லை. அப்பேர்ப்பட்டவளுக்கு, அவர் கடைசியாகப் போன இடம் எப்படி இருக்கும் என்று தெரியாது. நாலு மாசமாகக் கேட்கவும் இல்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. சடங்கு, சான்றிதழ், பென்ஷன் பேப்பர் எல்லாம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தேன்.

“இதான் கேட்டும்மா” என்று தட்டின் ஓரத்தில் இரண்டு பிஸ்கட்டை நிறுத்தினேன். “உள்ள போனதும் இடது கைப் பக்கம் ஒரு அடிபம்பு. இங்க ஒரு ஷெட்டு, தகரம் போட்டது. அங்கதான் கொஞ்ச நேரம் எறக்கி வெச்சோம்.”

“நிழலா இருந்திச்சா?”

“இருந்திச்சும்மா. இங்க ஒரு வேப்பமரம். பெருசு.” கிண்ணத்தில் இருந்த புதினாக் கொத்தை அங்கே நட்டேன். “இது சுத்துச் சுவர். சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பனமரம் தெரியும்.”

“அவர எங்க?”

பிஸ்கட்டைக் கையில் எடுத்துவிட்டேன். எங்கே வைப்பது? வேப்பமரத்துக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? சுவரில் இருந்து இரண்டாவது வரிசையா, மூன்றாவதா? பால் தெளித்த அன்றைக்குப் போனதுதான். அதற்கப்புறம் நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆபீஸ் போகும்போது அந்த ரோட்டில்தான் போகிறேன், தினமும். அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்துக்கு இந்தப் பக்கம், மூன்றாவது வரிசையில் வைத்தேன்.

அம்மா குனிந்து, அந்த பிஸ்கட்டைச் சுற்றித் தூளை விரலால் ஒதுக்கி மேடாக்கினாள். “மரத்துக்குக் கிட்டதான். சாயந்திர வெயில் படாது” என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

கீழே எங்கள் கல்லறைதான் முதல் பரிசு வாங்கியதாக மகள் மூச்சு வாங்க ஓடிவந்தாள். தட்டில் இருந்த புட்டிங்கை எடுக்கப் போனவளை, “அது இருக்கட்டும் கண்ணு. நாளைக்கு” என்று அம்மா ஃபிரிட்ஜில் வைத்துவிட்டாள்.

எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல், பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். ராத்திரி பெய்த மழையில் மயானத்துக்குள் புல் முழங்கால் உயரம் நனைந்து கிடந்தது. அடிபம்பு இருந்தது. ஷெட் இருந்தது. வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம், மூன்றாவது வரிசை... அது அப்பா இல்லை. வேறு யாரோ, மேட்டின் மேல் காய்ந்துபோன மாலை. தேடினேன். பத்து நிமிஷம் தேடினேன். மரத்துக்கு அந்தப் பக்கம், சுவரை ஒட்டி இரண்டாவது வரிசையில், நான் அன்றைக்கு அடையாளத்துக்கு நட்ட செங்கல் பாதி மண்ணில் புதைந்து இருந்தது. மேடு தாழ்ந்துபோய், தொட்டாற்சுருங்கி படர்ந்திருந்தது. உட்கார்ந்து பிடுங்கினேன். கையெல்லாம் முள். பெற்ற அப்பனை ஒரு வரிசை தள்ளி வைத்திருக்கிறேன். நாலே மாசத்தில்.

சொல்லாமல் விட்டுவிடலாம். அம்மா வந்தா பார்க்கப் போகிறாள்? வண்டியை ஸ்டாண்டு போடும்வரை அப்படித்தான் நினைத்தேன். ஆனால் முந்தின நாள் அவள் விரல் மண்ணை மேடாக்கியது ஞாபகத்துக்கு வந்தது. அவள் மனசில் அந்த இடம் இனிமேல் அழியாது. தப்பான இடத்தை அங்கே எழுதிவைக்க எனக்குத் தைரியம் இல்லை.

அடுப்படியில் நின்றிருந்தாள். “அம்மா, நேத்து தப்பாச் சொல்லிட்டேன். இப்பதான் போயிட்டு வர்றேன். மரத்துக்கு அந்தப் பக்கம். செவுத்துலேருந்து ரெண்டாவது.”

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துத் திருப்பி, முள் கீறியிருந்ததைப் பார்த்தாள். ஃபிரிட்ஜைத் திறந்து தட்டை எடுத்தாள். நமுத்துப்போயிருந்த பிஸ்கட்டை உடையாமல் இரண்டு விரலால் தூக்கி, புதினாவுக்கு அந்தப் பக்கம், ஓரத்தில் இருந்து இரண்டாவதாக வைத்தாள்.

“இங்கயா?”

“ஆமாம்மா.”

“பனமரம் இந்தப் பக்கம்தானே?”

“ஆமா.”

கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டு, “இந்தா கண்ணு, இப்ப சாப்பிடு” என்று ஸ்பூனைக் கொடுத்தாள். சர்க்கரை நோய்க்காரி, தானும் ஒரு வாய் எடுத்துக்கொண்டாள். “நல்லாத்தான்டி இருக்கு” என்றாள் மருமகளைப் பார்த்து.

அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. வாரம் ஒரு முறை அந்த ரோட்டில் வண்டியை நிறுத்தி உள்ளே போய்விட்டு வருவது மட்டும் எனக்குப் பழக்கமாகிவிட்டது.

2025 பிப்ரவரியில் சிவராத்திரி வந்தது. மறுநாள் மயானக் கொள்ளை. நான் ஆபீசில் இருந்தேன். சாயந்திரம் வீட்டுக்கு வந்தால், அம்மாவின் புடவைக் கரையெல்லாம் செம்மண். மனைவி கண்ணால் ஜாடை காட்டினாள்.

“எங்கம்மா போயிருந்த?”

“அங்காளம்மன் போச்சு. கூட்டத்தோட கூட்டமாப் போயிட்டு வந்தேன். துக்க வீட்டுக்காரி கோயிலுக்குள்ளதான் போவக் கூடாது. சாமி பின்னாடி நடந்தா யாரு கேக்கப் போறா?”

“தனியாவா? எடம் எப்படித் தெரிஞ்சது? யாரையாவது கேட்டியா?”

அம்மா என்னை ஏதோ புத்தி கெட்டவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“யார எதுக்குக் கேக்கணும்? அடிபம்பு, ஷெட்டு, வேப்பமரம், அந்தப் பக்கம் ரெண்டாவது. பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்தேன்” என்றவள், முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கொழுக்கட்டை இருந்தது.

“பாப்பாவுக்குக் குடு. மண்ணு ஒட்டியிருக்கும், தொடச்சிட்டுக் குடு.”